மூண்டு பிள்ளையளோடை மயிலிட்டிக்கு: விடுமுறையை எப்பிடித் திட்டமிடுறது?

வடலிக்கரை (ஸ்காபரோ):

வணக்கம். 2026 கோடை விடுமுறைக்குப் பிள்ளையளை யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போறதெண்டு முடிவெடுத்திட்டம். மூண்டு பேர். மூத்தவளுக்குப் பன்ரண்டு வயசு, நடுவிலானுக்கு ஒன்பது, கடைக்குட்டிக்கு நாலரை. மூண்டும் கனடாவிலை பிறந்ததுகள், ஊர்ப்பக்கம் ஒருக்காலும் போனதில்லை. தமிழ் விளங்கும், பதில் வாறது இங்கிலிஷிலைதான். என்ரை அம்மாவும் வாறா. எழுபத்தாறு வயசு, சீனி வருத்தம் இருக்கு, முழங்காலும் சரியில்லை. இவருக்கு லீவு கிடைக்கிறது கடைசிப் பகுதிக்குத்தான். அதுவரைக்கும் நான் தனியத்தான் சமாளிக்க வேணும்.

அம்மாவின்ரை ஊர் மயிலிட்டி. 1990 ஆனி மாதம் உடுத்த உடுப்போடை வெளிக்கிட்டவை, நான் அப்ப கைக்குழந்தை. 2017 ஆடியிலை ஆமி ஊரிலை ஒரு பகுதியை விட்டவுடனை பெரியம்மாவின்ரை மகன் போய்ப் பாத்திட்டு, எங்கட வளவும் அதுக்குள்ளைதான் வருது எண்டு சொன்னவன். இரண்டு சுவரும் கிணறும் நிக்குதாம், மற்றதெல்லாம் பத்தை. அண்டையிலையிருந்து அம்மாவுக்கு வாயைத் திறந்தால் இந்தக் கதைதான்.

நான் ஒரு எக்செல் ஷீற் போட்டன். முதல் கிழமை சொந்தக்காரர் வீடுகள் (பட்டியல் நீளம், ஒருத்தரை விட்டாலும் கோவிப்பினம்). இரண்டாம் கிழமை கோயில்கள். மூண்டாம் கிழமை மற்ற இடங்கள். மூத்தவள் அதை எட்டிப் பாத்திட்டு, "இதிலை எங்களுக்கெண்டு என்னம்மா இருக்கு?" எண்டு கேட்டாள். எனக்கு வாயடைச்சுப் போச்சு.

பிள்ளையளோடை போய் வந்தவை சொல்லுங்கோ. ஆடியிலை போறதோ ஆவணியிலையோ? நல்லூர்த் திருவிழாவைப் பிடிக்கலாமோ? அந்த வளவுக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகலாமோ? சாப்பாடு, வருத்தம், வான் இதுகளைப் பற்றியும் சொன்னியள் எண்டால் நல்லது.

மார்க்கம் அப்பா:

தங்கச்சி, போக்குவரத்துப் பக்கத்தை நான் சொல்லுறன், மிச்சத்தை மற்றவை சொல்லுவினம்.

இவர் கூட வரேல்லை எண்டால், பிள்ளையளை நீங்கள் கூட்டிக்கொண்டு போறதுக்குச் சம்மதம் எண்டு ஒரு கடிதம் எழுதி, நொத்தாரிசுக்கு முன்னாலை அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கோ. அதைப் பாஸ்போட்டுகளோடை வையுங்கோ. கனடா அரசாங்கமே அப்பிடித்தான் சொல்லுது. ஒருத்தரும் கேக்காமலும் விடலாம், கேட்டால் கையிலை இருக்க வேணும்.

ரொறன்ரோவிலையிருந்து கொழும்புக்கு நேர் பிளேன் இல்லை. டோகா, டுபாய் வழியாப் போனால் கட்டுநாயக்காவிலை இறங்கேக்கை பிள்ளையளுக்கு நேரம் தலைகீழாய் இருக்கும். இறங்கின கையோடை வானிலை ஏத்தி யாழ்ப்பாணம் ஓடாதேங்கோ. கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், ஏழெட்டு மணித்தியாலம். நீர்கொழும்பு எயார்போட்டுக்குப் பக்கத்திலைதான், அங்கை ஒரு ராத்திரி தங்கிப் படுத்தெழும்பிப் போட்டு வெளிக்கிடுங்கோ. வானிலை போனால் புத்தளம், அநுராதபுரம், வவுனியா பாதை. அநுராதபுரத்திலை நிண்டு சாப்பிட்டுக் கால் நீட்டலாம். ரெயின் எண்டால் கொழும்புக் கோட்டையிலை ஏற வேணும். சீற் புக்கிங் ஒரு மாதத்துக்கு முதல்தான் திறக்கும், திறந்த கையோடை முடிஞ்சிடும். என்ரை பிள்ளையளுக்கு முழுப் பயணத்திலையும் பிடிச்சது ஆனையிறவைத் தாண்டேக்கை ரெயின் யன்னலாலை தண்ணியைப் பாத்ததுதான். பாதை திருத்த வேலையெண்டு இடைக்கிடை ரெயினை நிப்பாட்டுறவை, அதையும் விசாரியுங்கோ.

சென்னையிலையிருந்து பலாலிக்கு, அதுதான் யாழ்ப்பாண எயார்போட்டுக்கு, சின்னப் பிளேன் இருக்கு. அம்மாவின்ரை முழங்காலுக்கு அதுதான் சுகம், பலாலியும் மயிலிட்டியும் பக்கத்துப் பக்கம். ஆனா இரண்டு ரிக்கற்றையும் வேற வேறயா எடுத்துச் சென்னையிலை பெட்டியை எடுக்க வெளியிலை வாறதெண்டால் எல்லாருக்கும் இந்திய விசா வேணும். பெட்டி நிறையும் குறைச்சல். இனசனத்துக்குச் சாமான் அடைஞ்சுகொண்டு போற ஆக்களுக்கு அது சரிவராது.

வான் பிடிக்கேக்கை பின் சீற்றுகளின்ரை படத்தை அனுப்பச் சொல்லுங்கோ. கனக்க வானுகளிலை பின்னுக்குப் பெல்ற் இல்லை, இருந்தாலும் சீற்றுக்கு அடியிலை சுருண்டு கிடக்கும். கடைக்குட்டியின்ரை கார் சீற்றை நீங்களே கொண்டு போங்கோ. ட்றைவர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

கோண்டாவில் மாமி:

பிள்ளை வடலிக்கரை, நான் மற்றப் பக்கத்திலை இருந்து எழுதுறன். நான் எங்கயும் போனவள் இல்லை, வாற ஆக்களுக்குச் சமைச்சுப் போடுறவள். பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சு ஓய்வெடுத்தாச்சு. இப்ப ஒவ்வொரு ஆடி ஆவணியும் எங்கட வீட்டிலை வெளிநாட்டுப் பிள்ளையள்தான். தம்பியின்ரை பிள்ளையள் லண்டனாலை, மச்சாளின்ரை பேரப்பிள்ளையள் சுவிஸாலை. அதாலை எது நடக்கும் எது நடக்காது எண்டு எனக்குக் கொஞ்சம் தெரியும்.

உங்கட மூத்தவள் கேட்டது நல்ல கேள்வி. அந்த எக்செல் ஷீற் உங்கட பயணம், அதுகளின்ரை இல்லை. இரண்டையும் பிரிச்சுப் போடுங்கோ.

முதல் அந்தச் சொந்தக்காரர் கிழமையைத் தூக்குங்கோ. வீடு வீடாய்ப் போனால் ஒவ்வொரு வீட்டிலையும் ரீ, பிஸ்கட், சோடா, பிறகு "சாப்பிடாமல் போகக் கூடாது". நாலாவது வீட்டிலை கடைக்குட்டி சத்தி எடுக்கும். வாற போற எல்லாரும் கன்னத்தைக் கிள்ளி "தமிழ் தெரியாதோ" எண்டு கேப்பினம். "ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாய்" எண்டு ஒரு மாமி கேக்க, "நல்லாக் கொழுத்திட்டாய்" எண்டு அதே பிள்ளையைப் பாத்து அடுத்த மாமி சொல்லுவா. பன்ரண்டு வயசுப் பொம்பிளைப் பிள்ளைக்கு அது எப்பிடி இருக்கும் எண்டு யோசியுங்கோ. போக முதலே போனிலை கண்டிப்பாய்ச் சொல்லி வையுங்கோ: உடம்பைப் பற்றி, நிறத்தைப் பற்றி, தமிழைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. கேக்க மாட்டினம், ஆனாலும் பாதி குறையும்.

வீடு வீடாய்ப் போறதுக்குப் பதிலா ஒரு நாள் எல்லாரையும் ஒரே வளவுக்கு வரச் சொல்லுங்கோ. ஆடி மாதம்தானே, ஆடிக்கூழ் காய்ச்சுங்கோ. வறுத்த பயறு, அரிசிமா, தேங்காய்ப்பால், பனங்கட்டி, தேங்காய்ச் சொட்டு. பெரிய பானையிலை கொதிக்கேக்கை கிண்டிக்கொண்டு நிக்க ஆள் வேணும், நடுவிலானை நிப்பாட்டுங்கோ. குடிக்கிறதுக்குப் பலா இலையை மடிச்சு ஈர்க்குக் குத்தி விடுவம். எங்கட வீட்டுச் சுவிஸ் பிள்ளையள் கூழை ஒரு வாய்க்கு மேலை குடிக்கேல்லை, ஆனா இலை மடிக்கிறதிலை ஒரு பின்னேரம் முழுக்க ஓடிப்போச்சு. ஆடிப்பிறப்பு ஜூலை 17 அளவிலை வரும். அண்டைக்குத்தான் காய்ச்ச வேணும் எண்டு சட்டம் ஒண்டுமில்லை. எல்லாரையும் ஒரே நாளிலை கண்டாச்சு, கோவிக்கிறவை அங்கை வந்து கோவிக்கலாம்.

அடுத்தது, தங்கிறது ஒரே வீடாய் இருக்கட்டும். இரண்டு நாள் இஞ்சை, மூண்டு நாள் அங்கை எண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சால் பிள்ளையளுக்கு ஒரு வீடும் மனசிலை நிக்காது. ஒரே இடத்திலை இருந்தால் நாலாம் நாள் அதுகளுக்கு நாயின்ரை பேர் தெரியும், எந்தப் படலை திறந்தால் கடைக்குக் குறுக்கு வழி எண்டு தெரியும். காலமை பாண்காரன் ஓட்டோவிலை பியானோ மெட்டுப் போட்டுக்கொண்டு வருவான். உங்கட நாட்டிலை பியானோ வகுப்புக்குப் போற பிள்ளையளுக்கு அந்த மெட்டுத் தெரியும். முதல் நாள் கேட்டிட்டு முழுசிக்கொண்டு நிக்குங்கள், அடுத்த நாள் காசைக் கேட்டு வாங்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடுங்கள். மாலு பாணும் சீனிப் பணிசும் வாங்கத் தமிழ் தானாய் வரும். நான் வருசக்கணக்காய்ப் படிப்பிச்ச அனுபவத்திலை சொல்லுறன், பாண்காரனைப் போலை வாத்தியார் இல்லை.

கிணத்தடியையும் விட்டுடாதேங்கோ. இஞ்சை வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, குளாய்த் தண்ணி எல்லா இடமும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை மழைத்தண்ணி ஊறி நிக்கிறதைத்தான் குடிக்கிறம், குளிக்கிறம், தோட்டத்துக்கு இறைக்கிறம். எங்கட வீட்டிலை மோட்டர் இருக்கு, ஆனாலும் பிள்ளையள் வந்தால் வாளியைத்தான் எடுப்பன். ஒரு வாளி தலையிலை ஊத்தினவுடனை குளிரிலை கத்துங்கள், பிறகு "இன்னொண்டு, இன்னொண்டு" எண்டு விடாதுகள். வழியிற தண்ணி வாய்க்காலாலை வாழைக்குப் போகும். லண்டன் பெடியன் ஒருத்தன் அந்த வாய்க்காலுக்குக் கல்லு வைச்சு அணை கட்டி, திறந்து, திரும்பக் கட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வரேல்லை. நிலாவரைக் கிணத்தைக் கட்டாயம் காட்டுங்கோ. மேலை நல்ல தண்ணி, ஆழத்திலை உப்புத் தண்ணி. ஒன்பது வயசுக்காரன் கேக்கிற கேள்விக்குப் பதில் சொல்ல நீங்கள் முதலே வாசிச்சிட்டுப் போகவேணும்.

கோயில் கிழமை எண்டு ஒண்டு வேண்டாம். இரண்டு கோயில் காணும். நயினாதீவு கட்டாயம், குறிகட்டுவானிலை வள்ளம் ஏறினால் கெதியாய்ப் போயிடலாம், பிள்ளையளுக்குக் கோயிலை விட வள்ளம்தான். மிதவை அங்கி போட்டுத்தான் ஏத்துங்கோ, சின்ன அளவு கேட்டு வாங்குங்கோ. நெடுந்தீவுக் குதிரையளும் பெருக்கமரமும் மூத்த இரண்டுக்கும் பிடிக்கும். ஆனா ஒரு மணித்தியாலக் கடல், சோளகக் காத்துக்கு வள்ளம் ஆடும். கடைக்குட்டியை அம்மாவோடை விட்டிட்டுப் போங்கோ.

நல்லூர்க் கணக்கு இதுதான். ஆடி அமாவாசைக்குப் பிறகு ஆறாம் நாள் கொடி ஏறும், 25 நாள் திருவிழா, ஆவணி அமாவாசையிலை தீர்த்தம். 2026இலை ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12. அப்ப கொடியேற்றமே ஆகஸ்ட் 17, 18 அளவிலைதான், தேர் செப்டெம்பர் இரண்டாம் கிழமைக்குப் போயிடும். உங்கட பள்ளிக்கூடம் அதுக்கு முதல் துவங்கிடும், தேரை மறவுங்கோ. நாலரை வயசுப் பிள்ளையோடை தேர்ச் சனத்துக்குள்ளை நிக்கிறது எனக்கென்னவோ பக்தியாய்த் தெரியேல்லை. கொடியேற்றத்தை அண்டின நாளுகளிலை பின்னேரம் போனால் மணலிலை ஓடித் திரியலாம், கடலை கச்சான் வாங்கலாம், பிறகு பக்கத்திலை ஐஸ்கிறீம். நல்லூரிலை பூசை ஒரு நிமிசமும் பிந்தாது, மணியைப் பாத்துப் போங்கோ. உள்ளுக்கு ஆம்பிளையள் மேல் சட்டை போடேலாது, நடுவிலானுக்கு முதலே சொல்லி வையுங்கோ, வாசலிலை வைச்சுச் சொன்னால் அழுவான். அருச்சினை ரிக்கற் இப்பவும் ஒரு ரூபாதான்.

இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு விடுமுறை வழமையாய் ஆகஸ்டிலை, இப்ப வருசத்துக்கு வருசம் மாறுது, விசாரியுங்கோ. ஜூலையிலை வந்தால் அதுகள் பள்ளிக்கூடம், அது முடிய ரியூசன். உங்கட பிள்ளையள் பெரிய ஆக்களோடை தனிய இருந்து போனைத் தடவுங்கள். எனக்கெண்டால் ஜூலைக் கடைசியிலை வந்து ஆகஸ்ட் இருபது மட்டிலை போறது நல்லது. மாம்பழம் குறைஞ்சிடும், அது ஒரு நட்டம்தான். பனம்பழம் விழத் துவங்கும், பனங்காய்ப் பணியாரம் சுடலாம்.

மூத்தவளை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. 1981இலை எரிச்சதை, ஏறத்தாழ 97,000 புத்தகமும் ஏடுகளும் போனதை அந்தக் கட்டடத்துக்கு முன்னாலை நிண்டு சொல்லுங்கோ. பன்ரண்டு வயசுக்கு அது விளங்கும். சின்னதுகளுக்கு இப்ப தேவையில்லை, அதுகளை ஒல்லாந்தர் கோட்டைச் சுவரிலை ஓட விடுங்கோ, பக்கத்திலைதான். பின்னேரம் வெயில் தாழத்தான் ஏற வேணும்.

ஒஸ்லோ பெட்டை:

நான் பதினொரு வயசிலை இந்தப் பயணத்துக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளை. மாமி சொன்ன கன்னம் கிள்ளுறது அப்பிடியே உண்மை. அதோடை ஒண்டைச் சேர்க்கிறன்: "பரதநாட்டியம் படிக்கிறாய்தானே, ஆடிக் காட்டு." ஒவ்வொரு வீட்டு விறாந்தையிலையும். அக்கா, தயவு செய்து உங்கட மகளை ஆடவோ பாடவோ சொல்லாதேங்கோ, சொல்லவும் விடாதேங்கோ.

எனக்கு என்ன பிடிச்சது எண்டால் சைக்கிள். என்னை விட ஒரு வயசு மூத்த மச்சாள் தன்ரை சைக்கிளிலை என்னை முன்னுக்கு ஏத்திக்கொண்டு கடைக்குப் போவாள். றோல்ஸும் நெக்டோ சோடாவும் வாங்கி மதிலிலை இருந்து சாப்பிடுவம். அவளுக்கு இங்கிலிஷ் கொஞ்சம், எனக்குத் தமிழ் கொஞ்சம். ராத்திரியிலை கரண்ட் போனால் கரம் போட்டுக்கு மேலை போன் லைற்றைப் பிடிச்சு விளையாடுவம். கோயில் ஒண்டின்ரை பேரும் எனக்கு இப்ப ஞாபகமில்லை. மச்சாளோடை இண்டைக்கும் ஒவ்வொரு நாளும் மெசேச் போகும்.

அதாலை இடங்களைப் பாக்காமல், வயசொத்த பிள்ளை எந்த வீட்டிலை இருக்கு எண்டு பாத்துத் தங்கிற வீட்டைத் தெரிவு செய்யுங்கோ. வைஃபை இருக்கட்டும், அதிலையும் பிடிவாதம் பிடிக்காதேங்கோ. மச்சாள் வந்தவுடனை போனைத் தானாய் வைப்பாள்.

வடலிக்கரை:

மாமி, தங்கச்சி, மார்க்கம் அண்ணா, எல்லாருக்கும் நன்றி. ஷீற்றை அழிச்சுப் போட்டன். இணுவிலிலை சின்னம்மாவின்ரை மகள் வீட்டிலை பன்ரண்டு வயசிலை ஒரு பிள்ளை இருக்கு. அவையும் "வாங்கோ, ஒரு அறையை விடுறம்" எண்டு சொல்லிட்டினம்.

மாமி, அந்த வளவுக் கதைக்கு நீங்கள் பதில் எழுதேல்லை. அம்மா எல்லாரும் ஒண்டாய்ப் போய் நிண்டு படம் எடுக்க வேணும் எண்டுறா. அதோடை இந்தப் பயணத்திலையே காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டு போய்க் காணி அலுவலையும் பாத்து முடிக்கலாம் எண்டு அண்ணா சொல்லுறார்.

கோண்டாவில் மாமி:

அதைத் தனிய எழுதுவம் எண்டுதான் விட்டனான்.

முதல் காணி அலுவல். இந்தப் பயணத்தோடை அதைக் கலக்காதேங்கோ. உறுதியைத் தூக்கிக்கொண்டு பிரதேச செயலகம், கச்சேரி (மாவட்டச் செயலகம்), நில அளவையாளர் எண்டு வெளிக்கிட்டால் "நாளைக்கு வாங்கோ" எண்ட ஒரு சொல்லிலை விடுமுறை முடிஞ்சிடும். பிள்ளையள் வானுக்குள்ளை வேர்த்துக்கொண்டு இருக்குங்கள். எல்லை பற்றி ஒரு சண்டை வந்தால், கூழ் குடிக்க வந்த அதே இனசனத்தோடைதான் சண்டை. அண்ணாவுக்கு அவசரம் எண்டால் அண்ணா தனிய வரட்டும்.

வளவுக்கு முதல் தரம் நீங்களும் அம்மாவும் மட்டும் போங்கோ. பிள்ளையளை இணுவிலிலை விட்டிட்டு, பெரியம்மாவின்ரை மகனையும் கூட்டிக்கொண்டு, வெயில் ஏற முதல், காலமை. அம்மா அங்கை என்ன செய்வா எண்டு உங்களுக்கும் தெரியாது, அவவுக்கும் தெரியாது. என்ரை மச்சாளும் உங்கட பக்கம், வடக்கு வலிகாமம்தான். தங்கட வளவு விட்டவுடனை போனா. அழுவா எண்டுதான் நாங்கள் நினைச்சம். அவ அழேல்லை. நிண்ட நிலையிலை கத்தியைக் கேட்டு வாங்கிப் பத்தையை வெட்டத் துவங்கிட்டா, பிடிச்சு இருத்திறதுக்குள்ளை எங்களுக்குப் போதும் போதும் எண்டாச்சு. இதையெல்லாம் நாலரை வயசுப் பிள்ளையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு பாக்கேலாது. பேரப்பிள்ளையளுக்கு முன்னாலை எண்டால் அம்மாவும் தன்னை அடக்கிக்கொண்டுதான் நிப்பா. பாவம், அவவுக்கு அண்டைக்கு அந்த வளவு வேணும், படம் எடுக்கிற ஆக்கள் வேண்டாம்.

ஒரு பிளாஸ்ரிக் கதிரை கொண்டு போங்கோ. இருக்கிறதுக்கு அங்கை ஒண்டும் இல்லை, முழங்காலோடை கல்லிலை குந்தேலாது. சீனிக்காரருக்குப் பிஸ்கட், தண்ணி, மருந்து கையிலை. சப்பாத்துப் போடுங்கோ, செருப்பு வேண்டாம். பத்தைக்குள்ளை பாம்பு இருக்கும், முள்ளுக்கம்பி கிடக்கும். எல்லாத்தையும் விடப் பயம் கிணறு. கட்டு இடிஞ்சு, செடி மூடி, நிலமட்டத்துக்கு வாய் திறந்து கிடக்கும், கிட்டப் போனால்தான் தெரியும். பெரியம்மாவின்ரை மகனிட்டைச் சொல்லி, நீங்கள் வர முதலே ஆள் பிடிச்சுப் பத்தையை வெட்டி, கிணத்தைச் சுத்திக் கம்பியோ தகரமோ அடிக்கச் சொல்லுங்கோ. ஒரு நாள் கூலிதான், அனுப்பி விடுங்கோ.

வெடிபொருள் தேடி எடுத்துப்போட்டுத்தான் ஆக்களை விட்டவை. எண்டாலும் தெரியாத இரும்பைத் தொடக் கூடாது எண்டு பெரிய ஆக்களுக்கும் சொல்லுங்கோ, பிள்ளையளுக்கும் சொல்லுங்கோ. சிவப்புப் பலகை கண்டால் அந்தப் பக்கம் கால் வைக்கிறதில்லை. முகமாலைப் பக்கம் பளைக்குப் போகேக்கை றோட்டிலையிருந்தே அந்தப் பலகையளைக் காட்டலாம், நடுவிலானுக்கு விளங்கும்.

இரண்டாம் தரம் மூத்தவளைக் கேளுங்கோ, வாறன் எண்டால் கூட்டிக்கொண்டு போங்கோ. அவள் அம்மம்மாவின்ரை வாயாலை கேக்கட்டும், நீங்கள் இடையிலை விளக்கம் சொல்ல வேண்டாம். இவர் வந்து சேர்ந்த பிறகு கடைசியிலை ஒருக்காச் சின்னதுகளையும் கொண்டு போய்ப் படம் எடுங்கோ, ஒரு மணித்தியாலம் காணும். அங்கையிருந்து அப்பிடியே கீரிமலைக்கு விடுங்கோ. கடலுக்குப் பக்கத்திலை நல்லதண்ணிக் கேணி, குளிச்சு ஆடட்டும். ஆகஸ்ட் 12 மட்டும் அந்தப் பக்கம் பிள்ளையளோடை போகாதேங்கோ. ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய வாற சனம் நிறைஞ்சிடும், கேணி பிள்ளையளுக்கு இல்லை.

வருத்தம் கேட்டியள். மலேரியா இஞ்சை இல்லை, 2016இலையே ஒழிஞ்சிட்டுது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லிட்டுது. டெங்கு இருக்கு. அந்த நுளம்பு பகலிலை கடிக்கும், ராத்திரி வலையை மட்டும் நம்பேலாது. பூசுற மருந்து காலமையும் பின்னேரமும் பூசுங்கோ. காய்ச்சல் வந்தால் பனடோல் (பரசிற்றமோல்) மட்டும். நீங்கள் பெட்டியிலை கொண்டு வாற அட்வில், ஐபுபுரூஃபன் ஒண்டும் குடுக்கக் கூடாது, டெங்கு எண்டால் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். இரண்டாம் நாளும் காய்ச்சல் நிண்டால் இரத்தம் சோதிக்கக் கொண்டு போங்கோ. ஊசி விசயத்துக்கு அங்கத்தைப் பிள்ளை டொக்டரை ஒன்றரை மாதம் முதலே பாருங்கோ. வயித்தாலை போனால் ஜீவனி எண்ட உப்பு-சீனிக் கரைசல் பக்கெற் எந்தப் பாமசியிலையும் இருக்கு, கரைச்சுப் பருக்குங்கோ. குடிக்கிறது போத்தில் தண்ணி. சாப்பாட்டுக்குப் பயப்பிடாதேங்கோ. இடியப்பமும் சொதியும் எந்தப் பிள்ளையும் சாப்பிடும். கொத்து எண்டால் "உறைப்பில்லாமல்" எண்டு சொன்னாலும் உறைக்கும், அது வேற கதை.

வடலிக்கரை:

மாமி, வாசிச்சு முடிய அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "ஓம், முதல் நாங்கள் இரண்டு பேரும் போவம், கத்தி ஒண்டும் எடுத்துக்கொண்டு போவம்" எண்டா. உங்கட மச்சாளின்ரை கதை அவவுக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு!

மூத்தவள் சைக்கிளிலை மாத்திரம் நிக்கிறாள். கியர் இருக்குமோ எண்டு கேக்கிறாள்.

கோண்டாவில் மாமி:

கியர் இல்லை. இணுவில் வீட்டிலை கட்டாயம் ஒரு லுமாலா சைக்கிள் கிடக்கும், காத்தடிச்சு, செயினுக்கு எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லுங்கோ. மருதனார்மடச் சந்தியை மட்டும் தனியக் கடக்க விடாதேங்கோ, பஸ்காரர் பிள்ளையெண்டு பாக்க மாட்டினம். ஹெல்மெற்றை அங்கையிருந்து கொண்டு வாங்கோ. இஞ்சை சைக்கிளுக்கு ஒருத்தரும் போடுறதில்லை, மச்சாளுக்கும் சேர்த்து இரண்டாய் வாங்குங்கோ, அப்ப இரண்டும் போடுங்கள்.